மனித சுவாசப்பாதையின் உயிரணுக்களும் திசுக்களும்

மனித சுவாசப்பாதை என்பது மூக்கில் தொடங்கி, தொண்டை, குரல்வளை, மூச்சுக்குழல், மூச்சுக் கிளைக்குழல்கள் வழியாகச் சென்று நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் முடியும் காற்றுவழி ஆகும். மனித உடலின் நான்கு அடிப்படைத் திசு வகைகளான எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு ஆகிய நான்கும் இவ்வழியில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. ஆகையால் உயிரணு என்றால் என்ன, உயிரணுக்கள் சேர்ந்து திசுவாவது எவ்வாறு என்பவற்றை அறிந்துகொள்ள இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், விம்கோ நகர் வழியாக எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கடலோரம் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் உரம், வார்ப்பு, வேதிப்பொருள் ஆலைகளும் நெருங்கி அமைந்த பகுதி ஆகும். அங்குள்ள காற்றுக்கும் அங்கு வாழ்வோரின் குருதிக்கும் இடையே நிற்பது இக்கட்டுரையில் விளக்கப்படும் மெல்லிய திசுப்படலமே. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் எண்ணூரில் ஏற்பட்ட அம்மோனியாக் கசிவு இத்திசுக்களின் செயற்பாட்டை விளக்குவதற்கு இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

சொற்கள்

உயிரணு என்பது தமிழ்நாட்டுப் பாடநூல்களில் செல் என்றும் இலங்கைப் பாடநூல்களில் கலம் என்றும் வழங்கப்படுகிறது. அவ்வாறே தமிழ்நாட்டில் திசு எனப்படுவது இலங்கையில் இழையம் ஆகும். திசு என்பது ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பு. அந்த ஆங்கிலச் சொல், நெய்யப்பட்டது எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இழை என்பதன் அடியாகப் பிறந்த இழையம் என்ற சொல்லே மூலப்பொருளுக்கு நெருக்கமானது என்பதில் ஐயமில்லை. எனினும் தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் பழகிய சொல் என்பதால் இங்கு திசு என்பதே ஆளப்படுகிறது. உடற்கூற்றியலைத் தமிழில் எழுதும் முயற்சி புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்ததுடன், தமிழிலேயே மருத்துவமும் கற்பித்தார்.

உயிரணுவின் அமைப்பு

வளர்ந்த மனித உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இவற்றுள் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை குருதிச் சிவப்பணுக்கள் ஆகும். அளவும் வடிவமும் உயிரணுவின் வேலையைப் பொறுத்து மாறுபடும். சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். பெண்ணின் கருமுட்டை 100 மைக்ரோமீட்டருக்கும் சற்றுப் பெரியது. கூர்ந்து நோக்கினால் வெறுங்கண்ணுக்கே புள்ளியாகத் தெரியக்கூடியது.

மூச்சுக்குழலின் உட்பரப்பில் உள்ள குறு இழை உயிரணு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நெடிய தூண் போன்ற இவ்வுயிரணுவைச் சுற்றிலும் இரட்டைக் கொழுப்பு அடுக்கால் ஆன மென்சவ்வு உள்ளது. இச்சவ்வில் பதிந்துள்ள புரதங்கள், எந்த அயனி உள்ளே வரவேண்டும், எது வெளியேற வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகின்றன. நடுவில் உள்ள உட்கருவில் 46 குரோமோசோம்கள் உள்ளன. அவற்றிலுள்ள டி.என்.ஏ. இழைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் நீளம் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். உட்கருவிலிருந்து படியெடுக்கப்படும் செய்தியை வைத்து ரைபோசோம்கள் புரதங்களை உருவாக்குகின்றன. எண்டோபிளாச வலையும் கோல்கை உறுப்பும் அப்புரதங்களைச் சீர்செய்து உரிய இடத்துக்கு அனுப்புகின்றன. பழுதடைந்த பகுதிகளையும் விழுங்கப்பட்ட பொருள்களையும் லைசோசோம்கள் செரிக்கின்றன.

இவ்வுயிரணுவின் மேற்புறத்தில் 200 முதல் 300 வரையிலான குறு இழைகள் காணப்படும். ஒவ்வோர் இழையும் 5 முதல் 7 மைக்ரோமீட்டர் நீளமுடையது. அதன் உள்ளே ஒன்பது சோடி நுண்குழல்கள் வட்டமாகவும், இரண்டு நுண்குழல்கள் நடுவிலும் அமைந்துள்ளன. அடுத்தடுத்த சோடிகள் ஒன்றையொன்று உரசி நகர்வதால் இழை வளைகிறது. நொடிக்குப் பத்து முறைக்கும் மேல் இவ்வாறு அடிக்க வேண்டியிருப்பதால், ஆற்றலைத் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் குறு இழைகளின் அடியிலேயே நெருக்கமாகக் குவிந்திருக்கும். எங்கே வேலை நடக்கிறதோ அங்கேயே மின்னாக்கியை நிறுவியது போன்ற ஏற்பாடு இது. இதே ஒன்பதும் இரண்டுமான அமைப்பே விந்தணுவின் வாலிலும் உள்ளது. அதனால், பிறவியிலேயே குறு இழைகள் அசையாத குறைபாடு உடைய ஆண்களுக்கு ஓயாத சளித்தொல்லையுடன் மலட்டுத்தன்மையும் சேர்ந்தே வரக்கூடும். இருவேறு நோய்கள் போலத் தோன்றுபவை ஓர் உயிரணு உறுப்பின் ஒரே பழுதால் விளைகின்றன.

எபிதீலியத் திசு

உடலின் புறப்பரப்புகளையும் உட்பரப்புகளையும் மூடியிருக்கும் திசு எபிதீலியத் திசு (புறவணியிழையம்) ஆகும். இதன் உயிரணுக்கள் இடைவெளியின்றி ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கும். இத்திசுவுக்குள் குருதிக் குழாய்கள் இல்லை. இதற்கு அடியில் அடித்தளச் சவ்வு என்னும் மெல்லிய புரதப் பின்னல் உண்டு. இச்சவ்வின் முக்கியத்துவம் பின்னர், காயம் ஆறுதல் பற்றிய பகுதியில் விளங்கும்.

மூச்சுக்குழலின் எபிதீலியத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் பல அடுக்குகள் உள்ளதுபோலத் தோன்றும். உண்மையில் எல்லா உயிரணுக்களும் அடித்தளச் சவ்வைத் தொட்டுக்கொண்டே நிற்கின்றன. உட்கருக்கள் மட்டும் வெவ்வேறு உயரங்களில் இருப்பதால் இந்த மயக்கம் ஏற்படுகிறது. எனவே இது பொய்யடுக்கு எபிதீலியம் எனப்படும். தேர்வில் அடிக்கடி தவறாக எழுதப்படும் இடம் இது.

இதில் மூன்று வகை உயிரணுக்கள் முதன்மையானவை. கோப்பை உயிரணுக்கள் பிசுபிசுப்பான கோழையைச் சுரக்கின்றன. உள்ளே வரும் தூசியும் கிருமியும் இக்கோழையில் ஒட்டிக்கொள்கின்றன. குறு இழை உயிரணுக்கள் அக்கோழைப் படலத்தை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டையை நோக்கி மேலே தள்ளுகின்றன. தொண்டையை அடைந்த கோழையை நாம் அறியாமலேயே விழுங்கிவிடுகிறோம். மூன்றாவதான அடித்தள உயிரணுக்கள் சவ்வை ஒட்டிக் குட்டையாகக் கிடக்கும். இவையே மூல உயிரணுக்கள். மற்ற இரு வகைகளும் அழிந்தால் இவை பிளவுற்று அவற்றை மீண்டும் உருவாக்கும்.

இணைப்புத் திசு

எபிதீலியத்தில் உயிரணுக்கள் நெருங்கியிருக்க, இணைப்புத் திசுவில் அவை விலகியிருக்கும். இடைவெளியை நிரப்பும் பொருளே அங்கு முதன்மையானது. அப்பொருள் இழைகளால் ஆனதாக இருந்தால் தசைநாண், இளக்கமான களியாக இருந்தால் குருத்தெலும்பு, சுண்ணாம்பு ஏறியிருந்தால் எலும்பு, நீர்மமாக இருந்தால் குருதி என இத்திசு பல வடிவங்களை எடுக்கும்.

மூச்சுக்குழலில் 16 முதல் 20 வரையான குருத்தெலும்பு வளையங்கள் உள்ளன. மூச்சை உள்ளிழுக்கும்போது குழல் ஒடுங்கிவிடாமல் இவை காக்கின்றன. வளையங்கள் முழு வட்டமாக இல்லாமல் பின்புறம் திறந்திருக்கும். அத்திறப்பில் மென்தசை உள்ளது; அதற்கு நேர்பின்னே உணவுக்குழல் செல்கிறது.

எலும்பும் உயிருள்ள திசுவே. எலும்பை உருவாக்கும் உயிரணுக்களும் அதைக் கரைக்கும் உயிரணுக்களும் வாழ்நாள் முழுதும் எதிரெதிராக வேலை செய்துகொண்டிருக்கின்றன. இச்சமநிலை குலைந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தீப்பெட்டித் தொழிலின் வரலாறு சான்றாகும். விம்கோ நகர் என்ற பெயரே, 1923இல் தொடங்கப்பட்டுத் திருவொற்றியூரில் ஆலை நடத்திய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் பெயர்ச்சுருக்கத்திலிருந்து வந்தது. அதற்கு முந்தைய நூற்றாண்டில் ஐரோப்பியத் தீப்பெட்டி ஆலைகளில் வெண் பாஸ்பரசு பயன்படுத்தப்பட்டது. அதன் ஆவியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடையெலும்பு உயிரிழந்து அழுகியது. 1906ஆம் ஆண்டு பேர்ண் உடன்படிக்கை வெண் பாஸ்பரசுத் தீக்குச்சிகளைத் தடை செய்தது. இந்தியாவில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைத் தடை செய்தது. ஆகவே விம்கோ ஆலை தொடங்கியபோது அந்த ஆபத்து சட்டப்படி நீக்கப்பட்டிருந்தது. பாதுகாப்புத் தீப்பெட்டியின் பக்கவாட்டில் பூசப்படும் சிவப்புப் பாஸ்பரசு இவ்வாறு எலும்பைத் தாக்குவதில்லை. எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களை அடக்குகின்ற பிஸ்பாஸ்பனேட் மருந்துகளை உட்கொண்ட சிலருக்கு இதேபோன்ற தாடையெலும்பு அழிவு ஏற்பட்டது 2003இல் அறிவிக்கப்பட்டது. அதன்பின் இப்பழைய தொழில்நோய் மீண்டும் ஆய்வாளர்களின் கவனத்துக்கு வந்தது.

தசைத் திசுவும் நரம்புத் திசுவும்

தசைத் திசு வரித்தசை, மென்தசை, இதயத்தசை என மூவகைப்படும். மூச்சை இழுக்கும் உதரவிதானம் வரித்தசையால் ஆனது. காற்றுக்குழல்களின் சுவரில் இருப்பதோ நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத மென்தசை. நுண்ணிய மூச்சுக் கிளைகளில் குருத்தெலும்பு இல்லாததால், மென்தசை இறுகினால் வழி அடைபடத் தொடங்கும். ஆஸ்துமாவின்போது நிகழ்வது இதுவே. மூச்சை விடும்போது சீழ்க்கை ஒலி கேட்பதற்கும் இதுவே காரணம்.

நரம்புத் திசு நரம்பணுக்களையும் அவற்றைத் தாங்கும் துணை உயிரணுக்களையும் கொண்டது. மூக்கிலும் கண்ணிலும் முப்பெரு நரம்பின் முனைகளும், மூச்சுக்குழலில் அலைநரம்பின் முனைகளும் எபிதீலிய உயிரணுக்களுக்கு இடையே பரவியுள்ளன. காரமான வாயு பட்டவுடன் கண்ணீர் பெருகுவதும், இருமல் வருவதும், மூச்சு ஒரு கணம் நின்றுபோவதும் இந்நரம்புகளின் மறிவினைகளாகும். இவை துன்பமாகத் தோன்றினாலும் உண்மையில் காவல் ஏற்பாடுகளே.

காற்று நுண்ணறை

மூச்சுக்குழல் ஏறத்தாழ 23 முறை இரண்டிரண்டாகக் கிளைத்தபின் காற்று நுண்ணறைகளில் முடிகிறது. இரு நுரையீரல்களிலும் சேர்த்து இவை 30 கோடி முதல் 50 கோடி வரை இருக்கும். இவற்றை விரித்து வைத்தால் பரப்பு ஏறத்தாழ 70 சதுர மீட்டர் ஆகும். சென்னை மனைக்கணக்கில் சொன்னால் ஒரு கிரவுண்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு.

இங்கு எபிதீலியம் முற்றிலும் வேறு வடிவம் பெறுகிறது. குறு இழையும் இல்லை, கோழையும் இல்லை. முதல் வகை உயிரணுக்கள் தாள்போலத் தட்டையாகப் பரந்து பரப்பில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை மூடுகின்றன. இரண்டாம் வகை உயிரணுக்கள் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் கொழுப்புப் பொருளைச் சுரக்கின்றன. அப்பொருள் இல்லாவிட்டால் நுண்ணறைகள் மூச்சை வெளியே விடும்போது ஒட்டிக்கொள்ளும். குறைமாதக் குழந்தைகள் மூச்சுவிடத் திணறுவதற்கு இதன் பற்றாக்குறையே முதன்மைக் காரணம். முதல் வகை உயிரணுக்களால் பிளவுற இயலாது. அவை அழிந்தால் இரண்டாம் வகை உயிரணுக்களே பெருகி அவ்விடத்தை நிரப்புகின்றன.

காற்றையும் குருதியையும் பிரிக்கும் சுவரின் தடிமன் மெல்லிய இடங்களில் அரை மைக்ரோமீட்டர் அளவே. தலைமயிரின் தடிமனில் இது நூறில் ஒரு பங்கு. ஓய்வுநிலையில் ஒரு சிவப்பணு நுண்ணறையைக் கடக்க ஒரு நொடிக்கும் குறைவான நேரமே ஆகிறது. அதற்குள் ஆக்சிசன் பரிமாற்றம் முடிந்தாக வேண்டும் என்பதால் சுவர் இவ்வளவு மெல்லியதாக இருக்கிறது. இதே காரணத்தால் அது எளிதில் காயமுறவும் கூடியது.

எண்ணூர் அம்மோனியாக் கசிவு, 2023

2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன், எண்ணூர் பெரியகுப்பம் அருகே கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையின் கடலடி அம்மோனியாக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கப்பலிலிருந்து திரவ அம்மோனியாவை ஆலைக்குக் கொண்டுவரும் குழாய் அது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் உள்ளிட்ட மீனவர் குடியிருப்புகளில் உறங்கிக்கொண்டிருந்தோர் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் தாக்க, வீடுகளை விட்டு வெளியேறினர். 40க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஆலையின் இயக்கம் நிறுத்தப்பட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது.

அன்றிரவு ஆலை வாயிலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாகத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. இந்தியாவில் இதற்கான வரம்பு 400 மைக்ரோகிராம் ஆகும். ஆனால் அவ்வரம்பு 24 மணி நேரச் சராசரிக்கானது என்பதைக் கவனிக்க வேண்டும். வாயிலில் எடுத்த ஓர் அளவீட்டைக் கொண்டு, கசிவின் முதல் நிமிடங்களில் கடற்கரையோர வீட்டுக்குள் இருந்த ஒருவர் எவ்வளவு சுவாசித்தார் எனச் சொல்ல முடியாது. திசு அறிவது சராசரியை அன்று. அந்த நேரத்தின் செறிவையும் அது நீடித்த நேரத்தையுமே.

அம்மோனியா நீரில் மிக எளிதாகக் கரையும் வாயு. எனவே ஈரமுள்ள முதல் பரப்பிலேயே கரைந்து காரக் கரைசலாகிறது. கண்ணின் மேற்பரப்பும் மூக்கு, தொண்டை, குரல்வளை ஆகியவற்றின் எபிதீலியமுமே முதலில் தாக்கப்படுவது இதனால்தான். காரம் உயிரணுச் சவ்வின் கொழுப்புகளைச் சவர்க்காரமாக மாற்றுகிறது; சவர்க்காரம் காய்ச்சும்போது நிகழும் அதே வேதிவினை இது. அமிலம் பட்ட இடத்தில் புரதம் உறைந்து ஓரளவு தடையாக நிற்கும். காரம் பட்ட இடத்திலோ திசு இளகிவிடுவதால் காயம் மேலும் ஆழமாகச் செல்லும்.

குறைந்த செறிவில் பெரும்பகுதி மேல்வழியிலேயே கரைந்துவிடுவதால் நுண்ணறைகள் தப்புகின்றன. செறிவு மிகுந்தால் குரல்வளை வீங்கி வழி அடைபடலாம். நுண்ணறைகளின் சுவர் சிதைந்து நீர் கோக்கலாம். வீக்கம் சில மணி நேரம் கழித்தும் வரக்கூடும் என்பதால், மூச்சுத்திணறல் குறைந்ததுபோலத் தெரிந்தாலும் மருத்துவக் கண்காணிப்பு தேவைப்படுகிறது. நீரில் அவ்வளவாகக் கரையாத நைட்ரசன் ஈராக்சைடு போன்ற வாயுக்களின் போக்கு வேறு. அவை தொடக்கத்தில் பெரிய எரிச்சல் எதையும் தராமல் நுண்ணறை வரை சென்று, பல மணி நேரம் கழித்தே பாதிப்பைக் காட்டும். ஒருவகையில் அம்மோனியாவின் காரநெடி நன்மையே, ஓடும்படி எச்சரிக்கிறது. ஆனால் உறங்கும் குழந்தைக்கும் நடக்க இயலாத முதியோருக்கும் அவ்வெச்சரிக்கையால் மட்டும் பயனில்லை.

முதலுதவி முறைகளுக்கும் இதுவே அடிப்படை. காற்றின் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்வது, மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடுவது, கண்களைத் தூய நீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவுவது ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. ஈரத்துணியில் உள்ள நீர், நம் எபிதீலியத்தின் ஈரத்துக்கு முன்பாகவே வாயுவில் ஒரு பகுதியைக் கரைத்துக்கொள்கிறது. இது முகக்கவசத்துக்கு மாற்றன்று. தப்பிச் செல்லும் சில நிமிடங்களுக்கு மட்டுமே உதவும்.

காயம் ஆறுதல்

எபிதீலியக் காயம் எவ்வாறு ஆறும் என்பது அடித்தளச் சவ்வைப் பொறுத்தது. சவ்வு சிதையாமல் இருந்தால், எஞ்சிய அடித்தள உயிரணுக்கள் தட்டையாகப் பரவிச் சில நாள்களில் வெற்றிடத்தை மூடுகின்றன. பிறகு பிளவுற்று, சில வாரங்களில் கோப்பை உயிரணுக்களையும் குறு இழை உயிரணுக்களையும் மீண்டும் உருவாக்குகின்றன. இடைப்பட்ட காலத்தில் கோழையை மேலே தள்ள ஆளில்லாததால் இருமல் நீடிக்கும், கிருமித்தொற்றும் எளிதாகும்.

சவ்வும் அழிந்துவிட்டால் நிலைமை வேறு. அதற்குக் கீழுள்ள இணைப்புத் திசுவின் நார் உயிரணுக்கள் கொல்லாசன் இழைகளைக் குவித்துத் தழும்பாக்குகின்றன. மூச்சுக்குழலில் தழும்பு ஏற்பட்டால் வழி நிலையாகக் குறுகிவிடும்.

ஒரே நாளில் ஏற்படும் காயமாக அன்றி, சிறிய எரிச்சல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் எபிதீலியம் தன் வகையையே மாற்றிக்கொள்ளும். குறு இழை உயிரணுக்களுக்குப் பதிலாகத் தோலைப் போன்ற தட்டை அடுக்குகள் தோன்றும். புகைபிடிப்போரிடம் இது பரவலாகக் காணப்படுகிறது. தட்டை உயிரணுக்கள் எரிச்சலைத் தாங்கும்; ஆனால் அவற்றால் கோழையை நகர்த்த இயலாது. காரணம் நீங்கினால் இம்மாற்றம் பெரும்பாலும் மீளக்கூடியது. நீங்காவிட்டால் புற்றுநோய்க்கு முன்னிலையாகவும் அமையலாம்.

தூசியும் விழுங்கணுக்களும்

காற்றில் மிதக்கும் துகள்கள் எதுவரை செல்லும் என்பது அவற்றின் அளவைப் பொறுத்தது. 10 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்டவை பெரும்பாலும் மூக்கிலேயே தங்கிவிடும். அதற்குக் குறைந்தவை கிளைக்குழல்களின் கோழையில் ஒட்டும். 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைந்தவை நுண்ணறைகளை எட்டக்கூடும். பி.எம். 2.5 என்னும் அளவு தனியாகக் கணக்கிடப்படுவதற்கு இதுவே காரணம். இந்தியத் தரநிலையின்படி அதன் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும்.

நுண்ணறையில் குறு இழை இல்லாததால் அங்கு துப்புரவு செய்பவை விழுங்கணுக்கள் ஆகும். இவை துகளை விழுங்கி, லைசோசோம்களால் செரித்து, செரிக்க முடியாததைச் சுமந்துகொண்டு கிளைக்குழல்வரை ஊர்ந்து சென்று கோழையோடு வெளியேறுகின்றன. நிலக்கரித் தூசியை விழுங்கிய விழுங்கணுக்கள் கறுத்துக் காணப்படும். நகரவாசிகள் பெரும்பாலோரின் நுரையீரலில் இத்தகைய கறுப்புத் திட்டுகள் உண்டு.

படிகச் சிலிக்கா இதற்கு விதிவிலக்கு. வார்ப்பாலை மணலிலும் கல் உடைக்கும் தூசியிலும் அது மிகுதியாக உள்ளது. நிலக்கரிச் சாம்பலிலும் ஒரு பகுதியாக உள்ளது. அதை விழுங்கிய விழுங்கணுவின் லைசோசோம் கிழிந்து, உள்ளிருக்கும் நொதிகள் கசிந்து அவ்வுயிரணுவே மடிகிறது. வெளியே விழும் துகளை அடுத்த விழுங்கணு விழுங்கி, அதுவும் மடிகிறது. இவ்வாறு மடியும் ஒவ்வொன்றும் நார் உயிரணுக்களைத் தூண்டும் வேதிப்பொருள்களை வெளிவிடுவதால், துகளைச் சுற்றித் தழும்பு முடிச்சுகள் உருவாகின்றன. தூசி நிறைந்த வேலையை விட்ட பின்னரும் இது தொடரக்கூடும். தழும்பான நுரையீரலை முன்போலாக்கும் மருந்து இல்லை.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல், நீரில் கலந்து குழாய்வழியே செப்பாக்கம் அருகேயுள்ள குட்டைகளுக்கு அனுப்பப்பட்டு வந்துள்ளது. நனைந்திருக்கும்வரை சாம்பல் காற்றில் பறப்பதில்லை. குட்டை காய்ந்து கடற்காற்று வீசும் காலத்தில்தான் அதன் நுண்துகள்கள் எழுகின்றன. சாம்பல் மேட்டை ஈரமாக வைத்திருப்பதோ மண்ணிட்டு மூடுவதோ ஆகும் செலவு, அதன் அருகே வாழ்வோரின் விழுங்கணுக்கள் செய்ய வேண்டிய வேலையின் அளவை நேரடியாகத் தீர்மானிக்கிறது.